சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை சிகிச்சை... யார் இந்த டாக்டர் மேரி வர்கீஸ்? திருவண்ணாமலை மக்கள் ஏன் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

திருவண்ணாமலை, போளூர், செங்கம், ஆரணி பக்கம் யாராவது பனைமரத்திலிருந்து விழுந்தாலோ, பைக் விபத்தில் முதுகில் பலமாக அடிபட்டாலோ, உறவுக்காரர்கள் வாயில் சீக்கிரமே வந்துவிடும் ஊர் வேலூர். போளூர், கண்ணமங்கலம் வழியாகப் போனால் சுமார் 80 கிலோமீட்டர். ஆபரேஷன் நடக்கும். உயிர் பிழைக்கும். சில வாரங்கள் கழித்து வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள்.

அதுக்கு அப்புறம்?

கால் அசையாது. சிறுநீர் வருவது தெரியாது. வீட்டு வாசலில் மூணு படி. டவுன் பஸ்ஸில் ஏற முடியாது. பார்த்த வேலையைத் திரும்பப் பார்க்க முடியாது. கல்யாணம், காது குத்து, தீபத் திருவிழா என எல்லாம் வந்து போகும், ஆனால் அந்த ஒரு ஆள் மட்டும் கட்டிலிலேயே கிடப்பார். உயிரைக் காப்பாற்றிய மருத்துவம் அவருக்கு வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்ததா?

அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வேலூரில் உட்கார்ந்து இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவருக்கே இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது என்பதுதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி. யார் இவர்? என்ன செய்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

கொச்சியிலிருந்து வேலூருக்கு

மேரி வர்கீஸ் 1925-ல் கொச்சியில் பிறந்தவர். வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பம், எட்டுப் பிள்ளைகள். டாக்டராக வேண்டும் என்று 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், அதாவது நம்மூர் ஆட்கள் சுருக்கமாகச் சொல்லும் சி.எம்.சி.யில், சேர்ந்தார். அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய சிகிச்சை இடம்தான் வளர்ந்து வளர்ந்து அந்தக் கல்லூரியானது.

அப்போது வேலூர், வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். திருவண்ணாமலையும் அதே மாவட்டத்தில்தான் இருந்தது. 1989-ல்தான் மாவட்டம் இரண்டாகப் பிரிந்து, திருவண்ணாமலை தனி மாவட்டத் தலைநகர் ஆனது. ஆக, மேரி வேலூரில் படித்த, வேலை பார்த்த காலம் முழுக்க, திருவண்ணாமலைக்காரர்களுக்கு கலெக்டர் ஆபீஸும் வேலூர்தான், பெரிய ஆஸ்பத்திரியும் வேலூர்தான்.

படிப்பை முடித்த மேரி, பெண்கள் மருத்துவமான மகப்பேறு துறையைத் தேர்ந்தெடுத்தார். பிரசவ வார்டில் நாளெல்லாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய வேலை. நிற்கணும், நடக்கணும், ராத்திரி எழுந்து ஓடணும். அப்படி ஓடக்கூடிய உடம்பும் அவருக்கு இருந்தது.

1954 ஜனவரி: ஒரு பயணம், ஒரு விபத்து

1954 ஜனவரி மாதம். சக மருத்துவர்களும் மாணவர்களும் சேர்ந்து ஒரு ஸ்டேஷன் வேகனில் சுற்றுலா கிளம்பினார்கள். மேரியும் அதில் இருந்தார். முன்னால் போன பேருந்தை முந்தப் போனபோது, வண்டி சாலையோர மைல்கல்லில் மோதி உருண்டது.

மேரிக்கு முகத்தில் கடுமையான காயம். அதைவிடப் பெரிய அடி முதுகெலும்பில். தண்டுவடம் சேதமாகி, கால்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. அப்போது அவருக்கு வயது 28.

அதே மருத்துவமனையில் டாக்டராக நடந்தவர், அதே மருத்துவமனையில் நோயாளியாகப் படுத்தார். மாதக்கணக்கில் படுக்கை. எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், மேரி நிமிர்ந்து உட்காரும் அளவுக்கு முதுகெலும்பை உறுதிப்படுத்தும் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். உட்கார முடிந்தது. நடக்க முடியவில்லை. இனி முடியாது என்பதும் தெளிவானது.

தண்டுவடம் அடிபட்டால் உடம்பில் என்ன நடக்கும்?

மேரி எதை எதிர்கொண்டார் என்று புரிய இது தெரிந்திருக்க வேண்டும்.

தண்டுவடம் என்பது மூளைக்கும் உடம்புக்கும் நடுவில் ஓடும் கேபிள் மாதிரி. முதுகெலும்புக்குள்ளே பத்திரமாக இருக்கும். அது கழுத்துப் பகுதியில் அடிபட்டால் கை, கால் இரண்டுமே பாதிக்கப்படும். அதற்குக் கீழே முதுகில் அடிபட்டால் கைகள் தப்பிக்கும், கால்கள் செயலிழக்கும். மேரிக்கு நடந்தது இரண்டாவது வகை.

கால் அசையாதது மட்டும்தான் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. மூன்று விஷயங்கள் அதைவிட ஆபத்தானவை.

ஒன்று, வலி தெரியாது. நமக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்தால் வலிக்கும், நம்மையறியாமல் அசைந்து உட்காருவோம். இவர்களுக்கு அந்த எச்சரிக்கை வராது. அழுத்தம் விழுந்த இடத்தில் ரத்த ஓட்டம் நின்று படுக்கைப்புண் வரும். அது எலும்பு வரைக்கும்கூட போகும்.

இரண்டு, சிறுநீர்ப்பை நிறைந்தது தெரியாது. சிறுநீர் தேங்கினால் கிருமி தொற்றும். கவனிக்காவிட்டால் சிறுநீரகம் வரை பாதிக்கும்.

மூன்று, மலம் கழிப்பதில் கட்டுப்பாடு போய்விடும்.

இரண்டாம் உலகப்போருக்கு முன்பு, உலகம் முழுக்கவே தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலானோர் கொஞ்ச காலத்திலேயே படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துபோனார்கள். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மேன் என்ற மருத்துவர் தனிப் பிரிவு தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. நேரத்துக்குத் திருப்பிப் படுக்க வைப்பது, சிறுநீரை முறையாக வெளியேற்றுவது, கையில் ஒரு வேலை கொடுப்பது, விளையாட வைப்பது. அவர் 1948-ல் நடத்திய சக்கர நாற்காலி விளையாட்டுப் போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக்ஸாக வளர்ந்தது.

ஆனால் மேரி அடிபட்ட 1954-ல் அந்த முறையெல்லாம் இந்தியாவுக்கு இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. காலில்லாமல் ஒரு டாக்டர் என்ன செய்வார் என்று கேட்டால் பதில் சொல்ல யாரும் இல்லை. பிரசவ வார்டுக்கு அவர் திரும்ப முடியாது என்பது மட்டும் உறுதி.

உட்கார்ந்து செய்யக்கூடிய அறுவை சிகிச்சை எது?

இங்கேதான் பால் பிராண்ட் மறுபடி வருகிறார். அவர் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை உருவாக்கிக்கொண்டிருந்தவர். முன்கையில் நன்றாக வேலை செய்யும் ஒரு தசைநாரை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றி இணைப்பது அந்த முறை.

இந்த அறுவை சிகிச்சைக்கு ஒரு வசதி உண்டு. நோயாளியின் கையை ஒரு சின்ன மேசையில் நீட்டி வைத்து, டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தபடி செய்யலாம். நிற்கத் தேவையில்லை. கால் வேண்டாம், நல்ல கை போதும். மேரியிடம் இரண்டு நல்ல கைகள் இருந்தன.

பிராண்ட் யோசனை சொன்னார், மேரி கற்றுக்கொண்டார். வீல்சேரிலேயே அறுவை சிகிச்சை அரங்குக்குள் போய், தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவரானார். படிச்ச துறை வேறு, வந்து சேர்ந்த துறை வேறு. ஆனால் டாக்டர் என்ற இடத்துக்கு அவர் திரும்பிவிட்டார்.

வலி தெரியாத கை, வலி தெரியாத கால்

மேரிக்கும் அவருடைய நோயாளிகளுக்கும் ஒரு ஒற்றுமை இருந்தது. தொழுநோயில் விரல் தானாக உதிர்ந்து விழுவதில்லை என்பது பிராண்டின் ஆய்வு. நோய் நரம்பைப் பாதிக்கும். வலி தெரியாமல் போகும். சுடுபாத்திரத்தைத் தொட்டாலும், ஆணி குத்தினாலும் தெரியாததால், காயம் மேல் காயம் பட்டு விரல் தேய்ந்துபோகும். மேரியின் கால்களும் அப்படித்தான். சுட்டாலும் தெரியாது, அறுந்தாலும் தெரியாது. உணர்வில்லாத உறுப்பைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் காப்பாற்ற வேண்டும் என்ற பாடம் இரண்டு தரப்புக்கும் பொது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. விரல் நிமிர்ந்து வெளியே போன தொழுநோயாளிகளுக்கு ஊரில் வேலை கிடைக்கவில்லை. கை சரியானதால் பிச்சை கேட்டாலும் போட ஆள் இல்லை. ஆபரேஷன் வெற்றி, ஆனால் வாழ்க்கை அங்கேயே நின்றுவிட்டது. அதனால்தான் பிராண்ட், அவர்கள் தங்கித் தொழில் கற்க நவஜீவ நிலையம் என்ற இடத்தை வேலூரில் ஏற்படுத்தியிருந்தார். மருத்துவம் முடிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்பதை மேரி அங்கே கண்ணெதிரே பார்த்தார்.

பெர்த்தில் பழகியது, நியூயார்க்கில் படித்தது

சில ஆண்டுகள் கழித்து மேரி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போனார். அங்கிருந்த மறுவாழ்வுப் பிரிவில், தன் வேலைகளைத் தானே செய்யப் பழகினார். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவது, உடை மாற்றுவது, குளிப்பது. வெளியிலிருந்து பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் இன்னொருவர் கையை எதிர்பார்த்து இருந்தவருக்கு அது விடுதலை.

இதற்குப் பிறகு அவர் மனதில் ஒரு மாற்றம். கை அறுவை சிகிச்சையோடு நிற்காமல், தன்னைப் போலத் தண்டுவடம் அடிபட்டவர்களுக்காகவே வேலை செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். ரஸ்க், போரில் காயம்பட்ட அமெரிக்க விமானப்படை வீரர்களுக்கு மறுவாழ்வுத் திட்டம் நடத்தி, அதைத் தனி மருத்துவப் பிரிவாக வளர்த்தவர்.

அமெரிக்காவில் சாய்தளம் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, கையாலேயே ஓட்டும் கார் இருக்கிறது. வீல்சேரில் வாழ்வதற்கு வட ஆற்காட்டைவிட அது நூறு மடங்கு வசதியான இடம். ஆனால் மேரி வேலூருக்குத் திரும்பினார். 1963-ல் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் 'டேக் மை ஹேண்ட்ஸ்' என்ற புத்தகத்தை அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் வெளியிட்டார்.

1966: பாகாயத்தில் ஒரு புதிய இடம்

1966-ல் வேலூர் பாகாயத்தில் உள்நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவிலேயே இப்படிப்பட்ட முன்னோடி நிலையம் இது.

சாதாரண வார்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வார்டில் நோயாளி படுத்திருப்பார், மற்றவர்கள் செய்வார்கள். இங்கே நோயாளிதான் செய்ய வேண்டும். கையை ஊன்றி உடம்பைத் தூக்கப் பழகணும். வீல்சேரைத் தானே தள்ளணும். காலுக்குக் கம்பிக்கட்டு போட்டு, ஊன்றுகோலோடு நிற்க முடிந்தவர்கள் நிற்கணும். வீட்டு ஆள் ஒருவரும் கூடவே தங்கி எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளணும். ஏனென்றால் நாளைக்குக் கிராமத்தில் நர்ஸ் இருக்கப் போவதில்லை.

அங்கே கற்றுத்தரும் பாடங்கள் எளிமையானவைதான். உட்கார்ந்திருக்கும்போது அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்கி அழுத்தத்தைக் குறைப்பது. படுத்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரள்வது. தினமும் கண்ணாடி வைத்து முதுகையும் பின்பக்கத்தையும் பார்ப்பது. நேரம் பார்த்து சிறுநீரை வெளியேற்றுவது. இவைதான் ஒருவர் ஐந்து ஆண்டு வாழ்வாரா, ஐம்பது ஆண்டு வாழ்வாரா என்பதைத் தீர்மானிக்கின்றன.

இதைச் சொல்லிக்கொடுக்கும் தலைமை டாக்டரே வீல்சேரில் வந்தால் எப்படி இருக்கும்? முடியாது என்று சொல்ல நோயாளிக்கு வாய் வருமா? மேரியின் மிகப்பெரிய மருந்து அதுதான்.

1972-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் மறைந்தார். விபத்துக்குப் பிறகு 32 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார், அதில் பெரும்பகுதி மற்றவர்களுக்குச் சிகிச்சை கொடுத்தபடி. வேலூர் மறுவாழ்வு நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சிகிச்சை முடிந்து ஊருக்குப் போனவர்களின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது, பழைய நோயாளிகளை ஆண்டுக்கு ஒருமுறை 'ரீஹேப் மேளா' என்று ஒன்றாகக் கூட்டுவது போன்றவையும் அங்கே நடக்கின்றன.

வீடு திரும்புவது வேறு, ஊர் திரும்புவது வேறு

சரி, மேரியின் கதையை இன்றைய திருவண்ணாமலைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். டிஸ்சார்ஜ் ஆகி வருபவர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார். ஊருக்குத் திரும்பினாரா?

முதல் தடை வாசல். பழைய வீடுகளில் திண்ணையும் படியும் உயரமாக இருக்கும். ஒரு மூட்டை சிமெண்டும் அரை நாள் கொத்தனார் வேலையும் போதும், சின்ன சாய்தளம் போட்டுவிடலாம். ஆனால் நிறைய வீடுகளில் வருஷக்கணக்கில் அது நடப்பதில்லை. இவர் எங்கே வெளியே போகப் போறார் என்ற நினைப்புதான் காரணம். சாய்தளம் இல்லாததால் போவதில்லை, போகாததால் சாய்தளம் இல்லை.

இரண்டாவது கழிப்பறை. குந்தி உட்காரும் வகைக் கழிப்பறைக்குள் வீல்சேர் நுழையாது. நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று பெரிய மாற்றத்தைத் தரும். கழிப்பறை சரியில்லை என்பதாலேயே தண்ணீரைக் குறைத்துக் குடித்து, சிறுநீர்த் தொற்றை வரவழைத்துக் கொள்பவர்களும் உண்டு.

மூன்றாவது வேலை. இங்கேதான் மேரியின் வாழ்க்கை நேரடியாகப் பாடம் சொல்கிறது. பழைய வேலையை அப்படியே செய்ய முடியாதபோது, அதே தொழிலில் உட்கார்ந்து செய்யக்கூடிய பகுதி எது என்று அவர் தேடினார். ஆரணிப் பக்கம் பட்டு நெசவாளர் ஒருவருக்கு அடிபட்டால் குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்க முடியாது. ஆனால் தார் சுற்றலாம், டிசைன் போடலாம், சேலை வியாபாரம் பார்க்கலாம். மல்லாட்டை பயிரிட்டவர் கொல்லையில் இறங்க முடியாது, கொள்முதல் கணக்குப் பார்க்கலாம். தையல், செல்போன் ரிப்பேர், பெட்டிக்கடை, இ-சேவை மையம் என்று வழிகள் இருக்கு. கைதான் வேணும்.

நான்காவது, மற்றவர்கள் பார்வை. பாவம் என்று பார்ப்பதும், கர்ம வினை என்று சொல்வதும் ஆளை உள்ளே தள்ளிப் பூட்டுவதற்குச் சமம். திருவண்ணாமலை, உலகமே தேடி வரும் ஊர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான கால்கள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றுகின்றன. அந்தக் கூட்டத்தில் எத்தனை வீல்சேரைப் பார்க்கிறோம்? அடிபட்டவர்கள் இல்லாமல் இல்லை, வெளியே வரவில்லை அல்லது வர விடவில்லை, அவ்வளவுதான்.

இப்போது என்ன உதவிகள் இருக்கின்றன?

மேரி காலத்தில் இல்லாத சில வசதிகள் இன்று உண்டு.

விபத்து நடந்ததும் 108. முதுகில் அடிபட்டவரைத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு. கழுத்தும் முதுகும் அசையாமல், பலகை மாதிரி நேராக வைத்துத்தான் தூக்க வேண்டும். தெரியாவிட்டால், ஆபத்தான இடமாக இல்லாத பட்சத்தில், ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் விடுவதே நல்லது.

சாலை விபத்து என்றால், 2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு உதவி கிடைக்கும். வீடு திரும்பிய பிறகு, அதே ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும்.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு தருகிறது. பொதுக் கட்டடங்களில் வீல்சேர் போக வழி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இதன் பலன்களைப் பெற, 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் இருப்பதற்கான சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும் வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

சுருக்கமாக: மேரி வர்கீஸ் வாழ்க்கையின் முக்கிய ஆண்டுகள்

1925 - கொச்சியில் பிறப்பு
1946 - வேலூர் சி.எம்.சி.யில் சேர்க்கை
1954 - விபத்து, தண்டுவட பாதிப்பு
1963 - மறுவாழ்வு மருத்துவத் துறையின் பொறுப்பு
1966 - பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம்
1972 - பத்மஸ்ரீ
1986 - மறைவு

இந்தப் பட்டியலைக் கவனித்தால் ஒன்று புரியும். நாம் அவரை நினைவில் வைத்திருக்கும் காரணங்கள் எல்லாமே 1954-க்குப் பிறகு நடந்தவை. அதற்காக அவருடைய மன உறுதியை மட்டும் பாராட்டிவிட்டுப் போனால் பாதி உண்மை விட்டுப்போகும். உட்கார வைக்க ஒரு அறுவை சிகிச்சை நிபுணர் இருந்தார். உட்கார்ந்து செய்ய ஒரு வேலையைக் காட்டியவரும் அவரே. பழக்கிவிட ஒரு பயிற்சி மையம் இருந்தது. திரும்பி வந்தபோது, வீல்சேரைப் பார்த்துத் தயங்காமல் ஒரு துறையையே கையில் கொடுக்க ஒரு நிறுவனம் இருந்தது.

திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இன்று கட்டிலில் கிடப்பவருக்கும் மன உறுதி இருக்கலாம். அவர் வாசலில் சாய்தளம் இருக்கா என்பதுதான் கேள்வி. அதைப் போட வேண்டியது அவர் இல்லை, சுற்றி இருக்கும் நாம்தான்.